சாவி கைமாறும் நேரம்: வாகனப் பழுதுபார்ப்புத் தகராறுகளில் காவலும் கைவேலையும்

ராஜபாளையத்திலிருந்து தென்காசி செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் சிவகிரி, வாசுதேவநல்லூர் தாண்டினால் புளியங்குடி. எலுமிச்சைக்குப் பேர்போன ஊர். சந்தையில் விலைபோன பழம் மூட்டை மூட்டையாகக் குட்டியானைகளிலும் லாரிகளிலும் ஏறி, செங்கோட்டை, புளியரை வழியாக ஆரியங்காவு ஏற்றத்தைக் கடந்து கேரளத்துக்குப் போகிறது. அந்த வண்டிகளை நிற்காமல் ஓடவைப்பவை சாலையோரத்து ஒர்க்‌ஷாப்புகள். தகரக் கூரை, எண்ணெய் ஊறிய மண், சுவரில் வரிசையாகத் தொங்கும் ஸ்பேனர்கள், ஓர் ஓரத்தில் ஸ்டூல். அந்த வாசலில் ஒரு பேச்சு திரும்பத் திரும்ப நடக்கிறது.

“முந்தாநாள் விடும்போது நல்லாத்தானே இருந்துச்சு பாய்?”

“இல்ல அண்ணாச்சி, நீங்க விட்டப்பவே இருந்துச்சு.”

கதவில் ஒரு கீறல், பம்பரில் ஒரு விரிசல், புதிதாகக் கேட்கும் ஒரு சத்தம். எதுவானாலும் பேச்சு இதுதான். இருவருமே பொய் சொல்லாமல் இருக்கலாம். வண்டியை விட்டவர் அந்தக் கீறலை அதுவரை கவனித்திருக்க மாட்டார்; வாங்கியவரும் உற்றுப் பார்த்திருக்க மாட்டார். சாவி கைமாறிய நிமிடத்தில் வண்டி எப்படி இருந்தது என்பதற்கு எந்தப் பதிவும் கிடையாது. தகராறு தொடங்கிய பிறகு இரண்டு நினைவுகள்தான் மோதுகின்றன.

இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி ஒன்றே: பட்டறைக்குப் போன வண்டி சேதமடைந்தால், அது யாருடைய பிழை என்பதை நிரூபிக்க வேண்டியவர் யார்? ‘வாடிக்கையாளர்தான்’ என்று பட்டறையும் ‘மெக்கானிக்தான்’ என்று வாடிக்கையாளரும் சொல்வார்கள். சட்டத்தின் விடை, சேதத்தின் வகையைப் பொறுத்து மாறுகிறது. காவலில் இருந்தபோது நேர்ந்த சேதம் வேறு. கைவேலையால் நேர்ந்த சேதம் வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் நியாயமான புகார்களும் பாதி வழியில் நின்றுபோகின்றன.

1. ‘ஏமாற்று’ என்னும் விளக்கமும் அதன் போதாமையும்

பழுதுபார்ப்புத் தகராறு என்றதும் பொதுப்புத்தி முதலில் எட்டும் சொல் ஏமாற்று. “நல்ல சாமானைக் கழற்றிவிட்டுப் பழசை மாட்டிவிட்டான்” என்பது எல்லா ஊரிலும் கேட்கும் குற்றச்சாட்டு. பொருளியலாளர்களும் இந்தப் பக்கமிருந்தே தொடங்கினார்கள். அமெரிக்கப் பொருளியலாளர் ஜார்ஜ் அகெர்லாஃப் 1970இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை பழைய கார் சந்தையைப் பற்றியது. விற்பவருக்குத் தெரிந்த குறை வாங்குபவருக்குத் தெரியாதபோது சந்தையே சீர்குலைகிறது என்று அதில் காட்டினார். அமெரிக்கப் பேச்சுவழக்கில் மோசமான காருக்கு ‘எலுமிச்சை’ என்று பெயர்; கட்டுரையின் தலைப்பிலும் அதே சொல் இருக்கிறது. 2001இல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசுக்கு இந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம்.

பழுதுபார்ப்பின் சிக்கல் இதையும் கடந்தது. மைக்கேல் டார்பி, எடி கார்னி என்னும் இருவர் 1973இல் அதற்கு ஒரு பெயர் கொடுத்தார்கள். தேங்காயை உடைத்தால் நல்லதா அழுகலா என்று தெரிந்துவிடும். மெக்கானிக் “கிளட்ச் பிளேட் போச்சு” என்று சொல்லி மாற்றிய பிறகு, பழைய பிளேட் உண்மையிலேயே போயிருந்ததா என்று வண்டிக்காரரால் பிற்பாடும் அறிய முடியாது. நம்பிக்கையின்பேரில் மட்டுமே வாங்கக்கூடிய சேவை என்பதே அந்தப் பெயரின் பொருள். நோயைச் சொல்பவரும் மருந்தை விற்பவரும் ஒருவராகவே இருக்கிறார்.

ஆனால் களத்தில் இறங்கிச் சோதித்தவர் கண்டது கொஞ்சம் வேறு. ஹென்றி ஷ்னைடர் என்ற ஆய்வாளர் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், குறைகள் இன்னவை என்று முன்கூட்டியே தெரிந்த ஒரு காரை வாடிக்கையாளர்போலப் பட்டறை பட்டறையாகக் கொண்டுபோனார். முடிவுகள் 2012இல் வெளியாயின. தேவையற்ற வேலையைப் பரிந்துரைத்த பட்டறைகள் இருக்கத்தான் செய்தன. ஆனால் இருந்த குறையைக் கவனிக்காமல் விட்டதே அதைவிட அதிகம். தளர்ந்த பேட்டரி இணைப்பு போன்ற எளிய குறைகள்கூடத் தப்பின. மீண்டும் வரப்போகும் வாடிக்கையாளர் என்று தெரிந்தாலும் வேலையின் தரம் பெரிதாகக் கூடவில்லை.

கனெக்டிகட்டின் முடிவைப் புளியங்குடிக்கு அப்படியே ஏற்றிவிட முடியாது. சிறு ஊரில் மெக்கானிக்கும் வண்டிக்காரரும் ஒரே தெருவாகவோ ஒரே பள்ளிவாசல் ஜமாத்தாகவோ, ஒரே கோயில் கொடைக்கு வரி கட்டுபவர்களாகவோ இருப்பார்கள். பெயர் கெட்டால் பிழைப்பு கெடும். ஆனாலும் அந்த ஆய்வு ஒன்றை அழுத்தமாகச் சொல்கிறது: பட்டறைத் தகராறுகளை விளக்க வஞ்சகத்தைவிட அலட்சியம் பொருத்தமான சொல். இந்த வேறுபாட்டுக்கு நீதிமன்றத்தில் என்ன விலை என்பது பின்னால் தெரியவரும்.

2. காவல்: 1872ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வது

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872இல் வந்தது. மோட்டார் வண்டி இந்தியாவுக்கு வராத காலம். ஆனால் பட்டறையில் விடப்படும் வண்டிக்கு இன்றும் பொருந்தும் அடிப்படை விதிகள் அதில்தான் உள்ளன. ஒரு நோக்கத்துக்காகப் பொருளை ஒருவரிடம் ஒப்படைத்து, நோக்கம் முடிந்ததும் திரும்பப் பெறும் ஏற்பாட்டை 148ஆவது பிரிவு வரையறுக்கிறது. சட்டத்தமிழில் இதை ஒப்படைப்பு எனலாம். 151ஆவது பிரிவின்படி, அப்பொருளை வாங்கிவைத்தவர் சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளைக் காப்பதுபோல் காக்க வேண்டும். அந்த அளவு கவனம் காட்டியிருந்தால், தனி ஒப்பந்தம் இல்லாத வரை, சேதத்துக்கு அவர் பொறுப்பல்ல என்கிறது 152ஆவது பிரிவு.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. ‘எல்லா ஒப்படைப்புகளிலும்’ இந்தக் கடமை உண்டு என்கிறது சட்டம்; கூலி வாங்கினாரா இல்லையா என்று பார்ப்பதில்லை. “இருக்கட்டும் அண்ணே, இதுக்கெல்லாம் காசு எதுக்கு” என்று சொல்லிவிட்டு வண்டியை வாங்கி நிறுத்திய மெக்கானிக்குக்கும் அது உண்டு. நுகர்வோர் சட்டம் இப்படியல்ல. இலவசமாகச் செய்த சேவை அதன் வரம்புக்குள் வராது. உரிமையியல் நீதிமன்றத்தில் நிற்கக்கூடிய ஒரு வழக்கு நுகர்வோர் ஆணையத்தில் நிற்காமல் போகலாம்.

ஒப்படைப்பு எப்போது தொடங்குகிறது? சிறு ஊர்ப் பட்டறைக்கு இது உயிரான கேள்வி. பாதி வேலைகளை வண்டிக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெக்கானிக் முடித்துவிடுகிறார். சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, 1938இல் சட்ட அறிக்கைகளில் வெளியான கலியபெருமாள் பிள்ளை வழக்கு இதற்கு நல்ல வெளிச்சம் தருகிறது. அது வண்டி வழக்கல்ல, நகை வழக்கு. ஒரு பெண்மணி பழைய நகைகளை உருக்கிப் புதிது செய்யப் பொற்கொல்லரிடம் கொடுத்தார். ஒவ்வொரு நாள் மாலையும் பாதி முடிந்த நகைகளைத் திரும்ப வாங்கி, பொற்கொல்லர் வீட்டு அறையிலேயே ஒரு பெட்டியில் பூட்டி, சாவியைத் தம்மோடு எடுத்துச் சென்றார். ஓரிரவு நகைகள் களவுபோயின. பொற்கொல்லர் பொறுப்பல்ல என்று தீர்ப்பானது. மாலையில் நகையைத் திரும்பப் பெற்றுப் பூட்டிய கணமே அது அந்தப் பெண்மணி வசம் வந்துவிட்டது; பெட்டி யார் வீட்டில் இருந்தது என்பது பொருட்டல்ல.

அந்த வழக்கைத் தீர்மானித்தது சாவி. எண்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அதன் பாடம் பழசாகவில்லை. பைக்கைப் பட்டறை வாசலில் நிறுத்தி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போனவரும், சாவியை மெக்கானிக் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனவரும் ஒரே நிலையில் இல்லை. பின்னவரின் பைக் கீறலோடு திரும்பினால், எப்படி நேர்ந்தது என்று முதலில் விளக்க வேண்டியவர் மெக்கானிக்.

இந்தக் கடைசி வரியை உறுதியாகச் சொல்ல வைப்பது 2019 நவம்பர் 14 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தாஜ்மஹால் ஹோட்டல் வழக்குத் தீர்ப்பு. 1998 ஆகஸ்ட் 1 இரவு, டெல்லியில் அந்த ஹோட்டலுக்கு வந்த விருந்தினர் தம் மாருதி ஜென் காரின் சாவியை நிறுத்திவைக்கும் ஊழியரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். வேறொரு வண்டியில் வந்திருந்த இளைஞர்கள் அந்தச் சாவியை எடுத்துக் காரைக் கடத்திவிட்டார்கள். கொடுத்த சீட்டில் ‘உரிமையாளர் பொறுப்பில்’ என்று அச்சிட்டிருப்பதை ஹோட்டல் சுட்டிக்காட்டியது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வண்டி ஒப்படைக்கப்பட்டது, திரும்பி வரவில்லை என்று காட்டினால் போதும். அலட்சியம் இல்லை என்று நிரூபிக்கும் சுமை பிறகு காவலில் வைத்திருந்தவருடையது. தம் அலட்சியத்துக்கான பொறுப்பை ஒரு சீட்டு வாசகத்தால் உதறிவிட முடியாது.

பட்டறைச் சுவரில் ‘வாகனச் சேதத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று எழுதி வைத்திருப்பவர்களும், அதைப் படித்துவிட்டு வாயடைத்துத் திரும்புபவர்களும் இந்தத் தீர்ப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

காவலின் இன்னொரு முகம் டிரையல் ஓட்டம். பிரேக் பார்த்த வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பது வேலையின் பகுதி. அதே வண்டியில் பட்டறைப் பையன் சாமான் வாங்கக் கடையநல்லூர் வரை போய்வந்தால் அது வேலையின் பகுதியல்ல. 154ஆவது பிரிவு, ஒப்படைத்த நோக்கத்துக்கு மாறாகப் பயன்படுத்தும்போது நேரும் சேதத்துக்கு, கவனக்குறைவே இல்லாவிட்டாலும், முழுப் பொறுப்பைச் சுமத்துகிறது. சட்டமே ஓர் உதாரணம் தருகிறது: ஒருவர் தம் குதிரையை இன்னொருவர் மட்டும் ஏறுவதற்காகக் கொடுக்கிறார். வாங்கியவர் தம் வீட்டாள் ஒருவரை ஏற்றுகிறார். அவர் கவனமாகத்தான் ஓட்டுகிறார். தற்செயலாகக் குதிரை விழுந்து அடிபடுகிறது. வாங்கியவரே ஈடு தர வேண்டும். குதிரை இருந்த இடத்தில் இன்று ஸ்பிளெண்டர் நிற்கிறது, அவ்வளவே வித்தியாசம்.

மூன்றாவது மனிதர் அடிபட்டால்? கோவாவில் எழுந்த குரு கோவேகர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1988இல் இதற்குப் பதில் சொன்னது. மின்வேலைக்காகப் பழுதுபார்ப்பவரிடம் விட்டிருந்த கார் மோதி ஒரு பெண் காயமடைந்தார். வண்டி உரிமையாளரின் கையில் இல்லை என்பதைக் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் விலகிக்கொள்ள முடியாது, அடிபட்டவருக்கு இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பானது. காப்பீடு காலாவதியான வண்டியைப் பட்டறையில் விடுபவர்களுக்கு இதில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது.

3. கைவேலை: சுமை இடம் மாறுகிறது

கீறலும் களவும் காவல் சார்ந்தவை. இன்ஜின் வேலை அப்படியல்ல. ‘செய்த வேலையே சேதத்துக்குக் காரணம்’ என்று சொல்லும்போது நுகர்வோர் சட்டத்தில் நிரூபிக்கும் சுமை வாடிக்கையாளர் மீது விழுகிறது. ரவ்னீத் சிங் பக்கா எதிர் கே.எல்.எம். வழக்கிலும் (2000), எஸ்.ஜி.எஸ். இந்தியா எதிர் டால்பின் இன்டர்நேஷனல் வழக்கிலும் (2021) உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது: சேவையில் குறைபாடு என்று புகார் சொல்பவரே அதை நிறுவ வேண்டும்.

அது எவ்வளவு கடினம் என்பதற்கு மலையேறும் குட்டியானையை எடுத்துக்கொள்ளலாம். முழுப் பாரத்தோடு ஏற்றத்தில் முக்கும்போது ரேடியேட்டரில் கசிவு இருந்தால் இன்ஜின் சூடேறும். சூடு எல்லை மீறினால் அலுமினிய சிலிண்டர் ஹெட் வளையும், ஹெட் கேஸ்கெட் எரியும், கூலன்ட் ஆயிலோடு கலக்கும். டிப் ஸ்டிக்கை உருவினால் ஆயில் பால்போல வெளுத்திருக்கும். மெக்கானிக் ஹெட்டைக் கழற்றி, லேத் பட்டறையில் கொடுத்து முகம் சமன்செய்து, புதுக் கேஸ்கெட் வைத்து மாட்டுகிறார். ஒரு மாதத்தில் மறுபடியும் அதே கோளாறு.

காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கலாம். ஹெட் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, படிப்படியாக, டார்க் ரெஞ்ச் வைத்துக் குறித்த அளவுக்கு இறுக்க வேண்டும். கை மதிப்பில் இறுக்கியிருக்கலாம். அல்லது அடைபட்ட ரேடியேட்டரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று மெக்கானிக் சொல்லியும், செலவைக் கருதி உரிமையாளர் வேண்டாம் என்றிருக்கலாம். அல்லது டிரைவர் டெம்பரேச்சர் முள்ளைப் பார்க்காமல் ஓட்டியிருக்கலாம். எது என்று சொல்ல இன்ஜினைத் திறக்க வேண்டும். திறந்தால் போல்ட் எந்த இறுக்கத்தில் இருந்தது என்ற சான்று அந்தக் கணமே அழிகிறது. வேறொரு பட்டறையில் அவசரமாகத் திறந்து சரிசெய்துவிட்டுப் பிறகு புகார் கொடுப்பவர்கள் தம் வழக்கைத் தாமே அழித்துவிடுகிறார்கள்.

நடுநிலையான தொழில்நுட்ப ஆய்வுதான் இதற்கு வழி. சி.என்.அனந்தராம் எதிர் ஃபியட் இந்தியா வழக்கில் (2010), புதுக் காரின் இன்ஜின் சத்தம் பற்றிய தகராறில் உச்ச நீதிமன்றம் செய்தது இதுதான்: சார்பற்ற வல்லுநர் ஒருவர் காரைப் பரிசோதிக்கட்டும், அவர் சொல்வதைப் பொறுத்து முடிவு என்றது. லட்சக்கணக்கில் விலைபெறும் காருக்கு இது சரி. பதினைந்தாயிரம் ரூபாய் வேலைக்கு வல்லுநரின் கட்டணமே பாதியைத் தின்றுவிடும்.

வெள்ளம் வந்தால் இந்தச் சிக்கல் பல மடங்காகிறது. 2023 டிசம்பர் 17, 18 நாட்களில் தென்மாவட்டங்களில் கொட்டிய மழை யாருக்கும் மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. தண்ணீரில் நின்ற வண்டிக்கு உண்மையான ஆபத்து தண்ணீர் வடிந்த பிறகுதான். சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீரை பிஸ்டனால் அழுத்த முடியாது. அந்த நிலையில் ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளையும், பிளாக் உடைவதும் உண்டு. ஸ்பார்க் பிளக்கையோ இன்ஜெக்டரையோ கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, இன்ஜினைக் கையால் சுற்றிப் பார்த்த பிறகே சாவியைத் திருப்ப வேண்டும் என்பது தேர்ந்த மெக்கானிக்குகள் அறிந்த பாடம்.

யார் சாவியைத் திருப்பினார்? உரிமையாளரா, கட்டி இழுத்து வந்தவரா, பட்டறையில் இருந்தவரா? வழக்கமான மோட்டார் காப்பீட்டுப் பத்திரம் தொடர்விளைவுச் சேதத்தையும் இயந்திரக் கோளாறையும் விலக்குகிறது. எனவே இன்ஜின் பாதுகாப்புக்குத் தனியாகப் பணம் கட்டாதவருக்கு இந்த ஒரு கேள்வியின் பதில் சில லட்சம் ரூபாய் பெறும். 2015 சென்னை வெள்ளத்துக்குப் பிறகும் இதே வாதங்கள் நடந்தன.

நிரூபணச் சுமை முழுக்க வாடிக்கையாளர் தலையில்தான் என்று முடிவுகட்டுவது அவசரம். ஒருவருக்கு மட்டுமே தனிப்படத் தெரிந்த செய்தியை அவரே நிரூபிக்க வேண்டும் என்பது பழைய சாட்சியச் சட்டத்தின் 106ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தில் அது 109. பட்டறைக்குள் எந்தப் போல்ட்டை எந்த அளவுக்கு இறுக்கினார், எந்தக் கடையில் வாங்கிய கேஸ்கெட்டை வைத்தார் என்பது மெக்கானிக்குக்கே தெரிந்த செய்தி. வாடிக்கையாளர் தரப்பு வழக்கறிஞர்கள் இந்த வாதத்தை இன்னும் அழுத்தமாக வைக்கலாம் என்பது இக்கட்டுரையின் கருத்து.

4. வண்டியைப் பிடித்துவைக்கும் உரிமை

தகராறு முற்றினால் மெக்கானிக்கின் கடைசி ஆயுதம் வண்டி. “பணத்தை வச்சிட்டு எடுத்துட்டுப் போங்க.” இதைச் சட்டவிரோதம் என்று நினைப்பவர்கள் உண்டு, அது தவறு. உழைப்போ திறமையோ செலவிட்ட பொருளை, அதற்கான கூலி கிடைக்கும்வரை வைத்திருக்க 170ஆவது பிரிவு உரிமை தருகிறது. கடனுக்குச் செய்து தருவதாக ஒப்புக்கொண்டிருந்தால் அந்த உரிமை கிடையாது. இந்த வண்டியின் கூலிக்காகத்தான் இந்த வண்டியைப் பிடிக்கலாம். போன தீபாவளிக்குப் பார்த்த பைக்கின் பாக்கிக்காக இன்று வந்த காரை நிறுத்திவைக்க முடியாது. அத்தகைய பொது உரிமையை 171ஆவது பிரிவு வங்கியர் போன்ற சிலருக்கு மட்டுமே தருகிறது.

பிடித்துவைத்த நாட்களுக்கு ‘பார்க்கிங்’ என்று கூடுதலாகக் கேட்பதும் உண்டு. கப்பல் பழுதுபார்ப்பவர் ஒருவர் இப்படிக் கேட்ட வழக்கில் இங்கிலாந்தின் பிரபுக்கள் அவை 1860இலேயே மறுத்துவிட்டது: தன் நலனுக்காக வைத்திருப்பவர் அதற்கு வாடகை கேட்க முடியாது. வண்டியை விட்டுவிட்டு மாதக்கணக்கில் தலைகாட்டாமல் போகும் உரிமையாளரின் கதை வேறு. அங்கே பாதிக்கப்படுபவர் இடத்தையும் சாமானுக்குப் போட்ட கைப்பணத்தையும் இழக்கும் மெக்கானிக்தான். நுகர்வோர் ஆணையத்தில் அவரால் புகார் கொடுக்க முடியாது. உரிமையியல் நீதிமன்றத்துக்கே போக வேண்டும்.

5. குட்டியானைக்காரர் நுகர்வோரா?

2020 ஜூலை 20 முதல் நடப்பில் உள்ள 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சிறு வழக்காளிக்குச் சில கதவுகளைத் திறந்திருக்கிறது. கொடுத்த கூலி 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையத்தில் கட்டணம் இல்லை. தாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். மதுரையிலுள்ள சர்வீஸ் சென்டர்மீது புகார் சொல்லப் புளியங்குடிக்காரர் மதுரைக்கு அலைய வேண்டியதில்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். சேவைக்கு உரிய முறைப்படி பில் தராததையே முறையற்ற வணிக நடைமுறை என்று இச்சட்டம் பெயர்சொல்லிக் குறிக்கிறது. தேசிய உதவி எண் 1915.

ஆனால் ‘வணிக நோக்கம்’ என்ற தடை குறுக்கே நிற்கிறது. இதில் வழிகாட்டும் தீர்ப்பு, கோவை பி.எஸ்.ஜி. தொழில் நிறுவனத்திடம் இயந்திரம் வாங்கிய லட்சுமி என்ஜினியரிங் தொடுத்த வழக்கில் 1995இல் வந்தது. பெரிய அளவில் தொழில் நடத்த வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பிழைப்புக்காகத் தானே ஓட்ட ஆட்டோ வாங்கியவரும், தானே ஓட்டிப் பாரம் ஏற்ற லாரி வாங்கியவரும் நுகர்வோரே என்றும் அதே தீர்ப்பு விளக்கியது. ஒற்றைக் குட்டியானையை வைத்துக்கொண்டு தானே எலுமிச்சை ஏற்றுபவர் இந்த விளக்கத்தைப் பற்றிக்கொள்ளலாம். பத்து வண்டிகளுக்குச் சம்பளத்துக்கு ஆள் வைத்திருப்பவருக்கு அது கடினம்.

முதல் பகுதியில் விட்ட இழையை இங்கே எடுக்க வேண்டும். சிட்டி யூனியன் வங்கி எதிர் ஆர்.சந்திரமோகன் வழக்கில் 2023இல் உச்ச நீதிமன்றம், கடுமையாக மறுக்கப்படும் செய்திகளும் மோசடி போன்ற குற்றச்சாட்டுகளும் அடங்கிய வழக்குகளை நுகர்வோர் ஆணையங்களின் சுருக்க விசாரணையில் தீர்க்க இயலாது என்றது. ஆகவே, “ஒரிஜினல் சாமானைத் திருடி டூப்ளிகேட் மாட்டிவிட்டான்” என்று கோபத்தில் எழுதப்படும் புகார் வெளியே தள்ளப்படும் ஆபத்தில் இருக்கிறது. “பில்லில் காட்டிய சாமான் வண்டியில் இல்லை, இது சேவைக் குறைபாடு” என்று எழுதப்படும் புகார் நிற்கும். நடந்தது ஒன்றுதான், பெயர் வேறு. ஏமாற்று என்னும் சொல்லை விடாமல் பிடித்திருப்பவர் தம் வழக்கைத் தாமே பலவீனப்படுத்துகிறார்.

6. சாமானும் ஸ்கேனரும்

சிறு பட்டறையின்மேல் எல்லாப் பழியையும் சுமத்தும் முன், அதன் கையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது நேர்மை. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அசல் உதிரி பாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் தனிப் பட்டறைகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. வெளிப் பட்டறையில் பார்த்தாலே வாரண்டி போய்விடும் என்று ஒட்டுமொத்தமாக விதி வைக்கக் கூடாது என்றும், வெளியில் செய்த பிழையான வேலையால் நேர்ந்த சேதத்துக்கு மட்டும் வாரண்டியை மறுக்கலாம் என்றும் ஆணையம் சொன்னது. மேல்முறையீடுகள் நீண்டன. ஒன்றிய அரசு 2022 டிசம்பர் 24 அன்று பழுதுபார்க்கும் உரிமைக்கான இணைய வாசலைத் திறந்தபோது அதில் வாகனத் துறையும் இருந்தது.

2020 ஏப்ரல் 1 முதல் வந்த பி.எஸ். 6 வண்டிகளில் சென்சார்களும் மென்பொருளும் பெருகிவிட்டன. சத்தத்தை வைத்தே வால்வா பேரிங்கா என்று சொல்லிவிடும் மூத்த மெக்கானிக்கின் காது இன்றும் வேலை செய்கிறது. ஆனால் கோளாறின் பாதி இப்போது சத்தம் எழுப்புவதில்லை. உரிய ஸ்கேனர் இல்லாமல், கிடைத்த சாமானை மாட்டி, தோற்றால் தன் கைக்காசைப் போட்டு மறுபடி பார்க்கிறார் அவர். அந்தத் தோல்வியில் நிறுவனங்கள் மறைத்து வைத்த கருவிக்கும் பங்குண்டு. அது எந்தப் புகார் மனுவிலும் எதிர்மனுதாரராக வருவதில்லை.

அதே ஸ்கேனர் ஒரு சாட்சியாகவும் ஆகக்கூடும். பிழைக்குறி பதிவான கணத்தில் இன்ஜின் வெப்பம், சுழற்சி, வண்டி வேகம் எவ்வளவு என்பதைக் கட்டுப்பாட்டுப் பெட்டி உறையவைத்து வைக்கிறது. பிழைக்குறி அழிக்கப்பட்ட பிறகு வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதும் அதில் இருக்கும். “எங்கிட்ட வரும்போதே விளக்கு எரிஞ்சுது” என்பது உண்மையா என்று இந்த எண்ணையும் மீட்டர் எண்ணையும் ஒப்பிட்டால் பெரும்பாலும் விளங்கிவிடும். பட்டறையில் நுழையும்போதே எடுத்து வைத்தால்தான். பழுது பார்க்கத் தொடங்கியதும் முதலில் அழிக்கப்படுவது இந்தக் குறிகள்தான்.

7. வாசலில் எழுதும் தாள்

கலிபோர்னியாவில் 1971இல் வாகனப் பழுதுபார்ப்புச் சட்டம் இயற்றப்பட்டு, அடுத்த ஆண்டே அதற்கெனத் தனி அலுவலகம் வந்தது. வேலை தொடங்கும் முன் எழுத்தில் மதிப்பீடு தர வேண்டும். கூடுதல் செலவுக்கு வாடிக்கையாளரின் ஒப்புதல் வேண்டும். கேட்டால் கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும். தமிழ்நாட்டுச் சாலையோரப் பட்டறைகளுக்கும் இந்த மூன்று நடைமுறைகளும் பொருந்தும். பெரிய சர்வீஸ் சென்டர்களின் ஜாப் கார்டில் வண்டியின் வரைபடம் இருக்கும், கீறல்களை அதில் வட்டமிடுவார்கள். சிறு பட்டறைக்கு அந்த அச்சுத்தாள்கூடத் தேவையில்லை. சாவி கைமாறும்போது இருவரும் நின்று வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, நான்கு பக்கமும், மீட்டர் எண்ணும், எரியும் எச்சரிக்கை விளக்குகளும் தெரிய செல்போனில் படமெடுத்து ஒருவருக்கொருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டால் காவல் சார்ந்த தகராறுகளில் பெரும்பகுதி பிறக்கும் முன்பே தீரும். “அண்ணாச்சி, ரேடியேட்டரும் அடைச்சிருக்கு, இப்ப பாக்கலேன்னா மறுபடி சூடேறும், பாக்கவா வேண்டாமா?” என்ற ஒரு குரல் செய்தியும் அதற்கான பதிலும், கைவேலைத் தகராறில் மெக்கானிக்கைக் காக்கும் முதல் சான்று.

பட்டறைக்குள் நிற்கும் அடுத்தவர் வண்டிகளுக்குக் காப்பீடு உண்டு என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. 2002ஆம் ஆண்டு இந்திய மோட்டார் கட்டண விதிகளிலேயே மோட்டார் தொழில் செய்வோருக்கென, டிரையல் ஓட்டத்துக்கு ஒன்றும் பட்டறை வளாகத்துக்குள் நேரும் சேதத்துக்கு ஒன்றுமாகத் தனிப் பத்திரங்கள் இருந்தன. ஒரு தீ விபத்தில் பத்து வண்டிகள் எரிந்தால் எந்தச் சிறு மெக்கானிக்காலும் ஈடுகட்ட முடியாது. வண்டிக்காரர் வழக்கில் வென்றாலும் வாங்க ஒன்றும் இருக்காது. மெக்கானிக்குகளின் சங்கங்கள் கூட்டாகப் பேசிக் குறைந்த பிரீமியத்தில் இதைப் பெற முயல்வது, சுவரில் எழுதிய அறிவிப்பைவிட அவர்களைப் பத்திரமாக வைக்கும்.

பழைய சாமானைத் திருப்பிக் கொடுப்பதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. கழற்றிய ஹெட் கேஸ்கெட்டைப் பையில் போட்டு உரிமையாளர் கையில் கொடுத்துவிட்டால், எந்தச் சிலிண்டருக்கு இடையில் எரிந்திருக்கிறது, எந்தப் போல்ட் ஓட்டையருகே கசிந்த தடம் இருக்கிறது என்பதை எந்த மெக்கானிக்கும் எந்த வல்லுநரும் பிறகும் பார்த்துச் சொல்லலாம். இப்போது அந்தக் கேஸ்கெட்டுகள் பட்டறைக்குப் பின்னால் குவிந்து, பழைய இரும்புக்காரர் வரும் நாளில் கிலோக் கணக்கில் எடைபோகின்றன.